எண்ணெய் போடுவது யார் வேலை?

தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றால் மெக்கானிக் ஓடி வருவார். அதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்று நிற்கும். நாள் முழுக்க ஓட்டம்தான், பழுது மட்டும் குறையாது!

பழுதாகும் முன்பே, குறித்த நாளில் சோதித்துப் பார்க்கும் முறை 1951-ல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. டொயோட்டாவிலிருந்து 1949-ல் பிரிந்த நிப்பான்டென்சோ (இன்றைய டென்சோ) 1960-ல் அதை ஆலை முழுக்கக் கொண்டுவந்தது. ஆனால் தானியங்கி மெஷின்கள் பெருகப் பெருக, பராமரிப்பு ஆட்கள் போதவில்லை.

அதனால் துடைப்பது, எண்ணெய் போடுவது, தளர்ந்த போல்ட்டை முடுக்குவது எல்லாம் மெஷினை ஓட்டுபவர் பொறுப்புக்கு வந்தன. தினமும் துடைப்பவர் கண்ணில்தானே கசிவும் ஆட்டமும் முதலில் படும்? பராமரிப்புத் துறைக்கோ பெரிய பழுதுகளின் காரணத்தைத் தேடவும், மெஷினையே திருத்தியமைக்கவும் நேரம் கிடைத்தது.

1971-ல் இந்த ஏற்பாட்டுக்காக அந்த நிறுவனம் பரிசு பெற்றது. செய்இச்சி நகாஜிமா இதை டி.பி.எம். என்ற பெயரில் உலகெங்கும் பரப்பினார்.

லாப நஷ்டக் கணக்கில் பராமரிப்புக்கு ஒரு செலவு வரி உண்டு. மெஷின் சும்மா நின்ற மணி நேரத்துக்குத் தனி வரி கிடையாது. அதனால்தான் பல முதலாளிகள் முதலில் எண்ணெய்ச் செலவில் கை வைக்கிறார்கள்.