பழவேற்காட்டுக் கத்தரீன்

குழந்தையின் திருமுழுக்குக்குப் பெயர் பதிய வரும் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்பதுண்டு: "சாமி, இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளந்தம்பதியர் தம் பெண்மகவுக்குக் கத்தரீன் எனப் பெயரிட விரும்பி இவ்வாறே வினவினர். 'தூயவள்' என்றோம். அவர்கள் மகிழ்ந்து சென்றனர். நமக்கோ அவ்விடை அரைகுறையாகவே பட்டது. இதே மண்ணில் பிறந்து, இதே பெயரோடு கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒருத்தி நம் நினைவுக்கு வந்தாள்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் 1515-இல் மகிமை அன்னைக்கு ஆலயம் எழுப்பினர் என்பது நம் மறைமாவட்ட மரபு. அவர்களுக்குப்பின் வந்த ஒல்லாந்தர் 1613-இல் அங்கு கெல்திரியா கோட்டையை அமைத்தனர். துணியோடு மனிதரும் அத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். பஞ்சத்தாலும் போராலும் விலைப்பொருளானோர் ஆயிரக்கணக்கில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குச் சென்றனர்.

அங்கே அடிமையாயிருந்த ஒருத்தியை ஒல்லாந்தர் ஏடுகள் 'பழவேற்காட்டுக் கத்தரீனா' என்று குறிக்கின்றன. தன்னைத் தாக்கிய ஆண் ஒருவனைத் தற்காப்புக்காக அவள் அடிக்க, அவன் இறந்தான். மரண தண்டனையிலிருந்து தப்பிய அவள், ஆயுள் கைதியாக 1657-இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்டாள். அங்கே கோட்டைத் தலைவரின் இல்லத்தில் துணி வெளுத்தாள். படைவீரன் ஒருவனுக்கு அவள் பெற்ற மகன் 1669-இல் திருமுழுக்குப் பெற்றான். பின்னர் அவள் விடுதலையடைந்து, வங்காளத்திலிருந்து வந்த ஒருவரை மணந்தாள். தென்னாப்பிரிக்காவின் ஸ்நைமன் குடும்பத்தார் அவள் மகனின் வழிவந்தோரே.

கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டவளுக்குத் 'தூயவள்' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? இப்பெயரின் பழைய கிரேக்க வடிவம் ஐக்காத்தரினே. தூய்மையைக் குறிக்கும் 'கத்தரோஸ்' என்னும் சொல்லோடு அதை இணைத்துப் பொருள் கண்டவர்கள் பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள். மலைப்பொழிவில் தூய உள்ளத்தோரை நம் ஆண்டவர் பேறுபெற்றோர் என்னும் இடத்தில் வருவதும் அச்சொல்லே. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலோ, திராட்சைக் கொடியைத் தறித்துவிடுதலையும் சீடர் தூய்மையாயிருத்தலையும் ஒரே வேர்ச்சொல் குறிக்கிறது. அங்கே சீடரைத் தூய்மையாக்கியது அவர் சொன்ன வார்த்தை, அவர்களது நன்னடத்தையன்று. சில மணி நேரத்தில் அவரை மறுதலிக்கவிருந்த பேதுருவும் அக்கூட்டத்தில் இருந்தார்.

ஆகவே கிறிஸ்தவப் பெயர் நாம் ஈட்டிய நற்சான்றிதழ் ஆகாது. நம் தகுதிக்கு முன்பே இறைவன் நம்மீது உரைத்த வாக்கு அது. அவ்வாக்கைத் தீர்ப்பும் விலங்கும் அழித்துவிட முடியாது.

இதை இன்று இத்தொழிற்பேட்டையில் வாழும் நாம் உணர்வது தேவை. பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்துள்ளோரை நாம் எப்படி அழைக்கிறோம்? பீகார்க்காரன், ஒடிசாக்காரி என்கிறோம். வேலைத்தலத்து வாயிலில் எண்ணைச் சொல்லி உள்ளே விடுகிறோம். அன்று பழவேற்காட்டாளை ஊர்ப்பெயரால் குறித்துக்கொண்ட எசமானர்களின் பழக்கம் நம் நாவிலும் ஒட்டியிருக்கிறதே! நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்று நாம் கற்றிருக்கிறோமல்லவா?

திருமுழுக்குச் சடங்கில் திருச்சபை பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி, குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. வரும் ஞாயிறு அத்தம்பதியரிடம் அதைக் கேட்போம். அவர்கள் கத்தரீன் என்பர். அப்போது அவ்விடையின் மறுபாதியையும் சொல்வோம்: "உங்கள் மகள் தவறினாலும், தாழ்ந்தாலும், எவர் இழித்துரைத்தாலும், அவளை இப்பெயரால் அழைப்பதை ஆண்டவர் நிறுத்தமாட்டார். நீங்களும் நிறுத்தாதீர்கள்."