பாலுக்கு முன்பே வந்த துயரம்

பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், அவளது பாலைச் சந்தேகிப்பது பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருத்துவர்கள் பலர், வெளியேறாமல் தங்கிய பால் உடலெங்கும் அலைந்து மூளையைத் தாக்குவதால்தான் தாய்க்குப் பித்துப் பிடிக்கிறது என்று நம்பினார்கள். அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே அவள் துயரத்துக்குக் காரணம் சொல்லிவிட முடிந்தது.

1858இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே ஒரு நூல் வெளியிட்டார். கர்ப்பிணிகள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள் என மூன்று பேரின் பித்தையும் அதன் தலைப்பே சேர்த்துச் சொன்னது. அந்த வரிசையில் கர்ப்பிணி முதலில் நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் பின்வந்த மருத்துவம் அவளைத்தான் ஏறக்குறைய மறந்தது. கர்ப்பம் பெண்ணை மனநோயிலிருந்து காக்கும் காலம் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது.

1987இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை உருவாக்கினார்கள். தாயின் மனதை அவளிடமே கேட்டறிந்தது அது. ஆனால் அதன் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வையே சுட்டியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடும் பிரசவத்துக்குப் பின் 4 வாரங்களுக்குள் தொடங்குவதையே தனியாகக் குறித்தது. கர்ப்பகாலம் அதில் சேர 2013 வரை ஆயிற்று.

இதற்கிடையே, 2001இல் வெளியான ஆய்வொன்றில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் அதே அளவுகோலால் 9,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்பும் அளந்திருந்தார்கள். மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று காட்டும் மதிப்பெண், கர்ப்பத்தின் 32ஆம் வாரத்தில் 13.5 சதவீதத்தினருக்கு இருந்தது. பிரசவமான 8ஆம் வாரத்தில் 9.1 சதவீதத்தினருக்கு. குழந்தை பிறப்பதற்கு முன்பே துயரம் அங்கே இருந்தது.

பாலூட்டலை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கர்ப்பகாலத்தில் சோர்ந்திருந்தவர்கள் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதைச் சீக்கிரம் நிறுத்த நேர்வதை 2014இல் ஒரு போர்ச்சுகீசிய ஆய்வு காட்டியது. பிரிஸ்டல் பகுதித் தாய்மார்களின் தரவுகளை வைத்து அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, பெண்ணின் விருப்பத்தையும் கணக்கில் எடுத்தது. கர்ப்பத்தில் சோர்வில்லாதவர்களில், பாலூட்ட விரும்பி ஊட்டியவர்களுக்கு மனச்சோர்வு ஆபத்து மிகக் குறைவு; விரும்பியும் முடியாமற்போனவர்களுக்கு மிக அதிகம். ஆக, பால் மருந்துமல்ல, குற்றமுமல்ல. விரும்பியதைச் செய்ய அவளுக்குத் துணை கிடைத்ததா என்பதே கேள்வி.

நம் ஊருக்கும் இதில் இடமுண்டு. வேலூர் அருகே கிராமப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து கவனித்த ஆய்வு 2002இல் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வோடு அது தொடர்புபடுத்தியவை: வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கைவேலைக்கு ஆள் இல்லாமை. இவற்றுள் பல, பிரசவ வலி எடுக்கும் முன்பே வீட்டில் இருப்பவை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டு, "பால் ஊறுதா?" என்று கேட்கிறோம். அக்கறைதான். ஆனால் ஏழாம் மாதத்தில் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போதே "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு, பதிலை உட்கார்ந்து கேட்பதும் பேறுகாலப் பராமரிப்புதான். அதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே நாம் கேட்க வேண்டும்.