ஆறு ரூபாயும் கொஞ்சம் மாம்பழமும்

போன மாசம் ராத்திரியோட ராத்திரியா எங்க போர் மோட்டார் கேபிளை எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ரமணாசிரமத் திருட்டு ஞாபகம் வந்தது.

1924, ஜூன் 26, ராத்திரி பதினொன்றரை மணி. அப்ப நம்ம திருவண்ணாமலை வட ஆற்காடு ஜில்லா. ஆசிரமம்னு பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. ரமணரோட அம்மா சமாதியை ஒட்டிக் கொட்டகைகள்தான். திருடர்கள் ஜன்னலைத் தட்டி மிரட்டினாங்க. கதவைத் திறந்து வெளியே வந்தவங்களுக்கெல்லாம் கம்படி. ரமணருக்கும் தொடையில ஒண்ணு. திருப்பி அடிக்கத் துடிச்ச சீடரை அவர் தடுத்துட்டார். அப்புறம் திருடர்கள் தேட விளக்கு கேட்டாங்க, அதையும் கொடுக்கச் சொன்னாராம்! தனக்கும் பூசை கிடைச்சதுன்னு பின்னாடி சிரிச்சிருக்கார்.

கிடைச்சது என்ன? சாமிக்குச் சாத்துற வெள்ளித் தகடு, கொஞ்சம் மாம்பழம், ஆறு ரூபாய். போலீஸ் வந்து கேட்டப்பவும் அவர் பெரிசுபடுத்தல. ஆனாலும் சில நாள்லயே பொருளோட பிடிபட்டு, ஆளுக்கு ஒரு அளவா ஜெயில் தண்டனை வாங்கினாங்க.

அடிபட்டவர் மன்னிச்சாலும் இந்த மாதிரி வழக்கு அங்கேயே முடியாது. கொள்ளையில காயம் உண்டாக்கினா 2024 வரைக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 394-வது பிரிவுதான். அதுல ரெண்டு தரப்பும் சமாதானமாப் போக வழியே இருந்ததில்லை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அப்ப அதிகபட்சம் 2 வருஷம் கொடுக்கலாம். அதுக்கு மேலன்னா செஷன்ஸ். திருடினது ஆறு ரூபாயா அறுநூறா என்பது அந்தப் பிரிவுக்குக் கணக்கா இருந்ததில்லை.

நான் புகார் எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். கேபிள் விற்கிற விலை அப்படி.