வாள் பூட்டிய வாணம்

திருவிழாவில் வன்னிச் சிறுவர் விடும் ஈர்க்குவாணத்தின் வாலாக நீண்டதோர் ஈர்க்கு இருப்பதை நேயர்கள் அறிவர். அதை முறித்தால் வாணம் நிலைகெட்டுச் சுழன்று வீழும். பின்னே நீளும் வாலே அதன் போக்கை நேர்செய்கின்றது.

இவ்வெளிய வாணத்தை மைசூரை ஆண்ட ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் வலிய படைக்கலமாக்கினர். கடதாசிக் குழலுக்குப் பதிலாக இரும்புக் குழல் வந்தது. அது வெடிமருந்தின் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் நெடுந்தொலைவு பாய்ந்தது. வாலாக மூங்கிற்கழி கட்டினர். சிலவற்றில் வாளையே பூட்டினர்.

1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயர் தோற்ற போரிலும் இவ்வாணங்கள் பாய்ந்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்து சேர்ந்தன. அவற்றைத் தழுவி வில்லியம் கொங்கிறீவ் புதிய வாணங்கள் சமைத்தார்.

2018இல் கர்நாடகத்தின் நகரா என்னும் ஊரில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணங்கள் எடுக்கப்பட்டன. சிறுவர் கைகொட்டி மகிழும் வாணத்தின் உடன்பிறப்புகளே அவை. போரைக் கண்ட வன்னிக்கு இவ்வுறவை விளக்கவேண்டியதில்லை.