மகாவலியில் ஓடும் நீரை அளப்பது எப்படி?

பொல்கொல்ல அணைக்கட்டில் நின்றபோது, ஓடும் நீரை எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. நான் வன்னியில் வளர்ந்தவன். தண்ணீர்க் கணக்கு எங்களுக்குச் சின்ன விடயமல்ல.

சிறிய ஊற்றென்றால் வாளியும் மணிக்கூடும் போதும். கண்டிப் பக்கத் தோட்டமொன்றின் பீலியில் நான் வைத்த 20 லீற்றர் வாளி 40 செக்கனில் நிறைந்தது. அப்படியென்றால் செக்கனுக்கு அரை லீற்றர், மணித்தியாலத்துக்கு 1,800 லீற்றர். எத்தனை லயத்துக்கு அது போதுமோ!

ஓடைக்கு அகலம், சராசரி ஆழம், வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். அகலம் 3 மீற்றர், ஆழம் 0.4 மீற்றர் என்று வையுங்கள். மிதக்கும் குச்சி 10 மீற்றரை 20 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.85ஆல் பெருக்குவார்கள். விடை, செக்கனுக்கு 510 லீற்றர்.

1976 முதல் பொல்கொல்லவில் மறிக்கப்படும் நீரில் ஒரு பகுதி, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெல மின் நிலையத்துக்கும், பின்னர் வடமத்திய வயல்களுக்கும் போகிறது. வன்னிக்கும் நீர் தருவதாகவே ஆரம்பத் திட்டம் இருந்தது. 1980களில் மணலாறு மகாவலி 'எல்' வலயமானது. சிங்களக் குடியேற்றங்கள் வந்தன. மகாவலி நீர் மட்டும் இன்றுவரை வரவில்லை.