குழந்தைகளில் மெலியோய்டோசிஸ்

மெலியோய்டோசிஸ், பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய் என்ற பாக்டீரியாவால் வரும் தொற்றுநோய். வெப்பமண்டல நாடுகளின் ஈரமண்ணும் தேங்கிய நீரும்தான் இக்கிருமியின் இருப்பிடம். அது பிழைத்திருக்க மனித உடல் தேவையில்லை. தோல் கீறல் வழியாகவும், காய்ச்சாத நீரைக் குடிப்பதாலும், பெருமழையின்போது காற்றில் கலக்கும் துளிகளைச் சுவாசிப்பதாலும் உடலுக்குள் புகுகிறது. மழைக்காலத்தில் நோயாளிகள் கூடுவது இதனால்தான். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக அரிது. மார்பகத்தில் இத்தொற்று இருந்த தாயின் பாலிலிருந்து சிசுவுக்குப் பரவியது ஆஸ்திரேலியாவில் பதிவாகியுள்ளது.

1911இல் ரங்கூனில், மார்ஃபின் பழக்கத்துக்கு ஆட்பட்டு இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை இனங்கண்டனர். 1912இல் கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. பின்னாளில் வழக்கில் நின்றதோ ‘விட்மோர் நோய்’ மட்டுமே. கிருஷ்ணசாமியை மருத்துவ உலகம் வசதியாக மறந்துவிட்டது. இலங்கையில் 1927லேயே ஒரு நோயாளி பற்றிய குறிப்பு வந்தது. இந்தியாவிலிருந்து பரவலாக மேற்கோள் காட்டப்படும் முதல் அறிக்கை 1991இல் வெளியானது. அந்த நோயாளி மும்பையைச் சேர்ந்த ஒரு குழந்தை. பின்னர் வேலூரிலிருந்தும் கர்நாடகக் கடலோரத்திலிருந்தும் தொடர்ந்து நோயாளிகள் அறியப்பட்டனர்.

அரிய நோய் என்ற அடைமொழி இதற்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஐயத்துக்குரியது. 2016இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் சொன்னது. நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தெற்காசியாவில். பதிவேட்டுக்கு வருவோர் அதில் மிகச் சிறு பகுதியே. ஆய்வகங்கள் இக்கிருமியைத் தேடுவதில்லை. கண்ணெதிரே வளர்ந்தாலும் பல இடங்களில் வேறு பெயர் சொல்லி ஒதுக்கிவிடுகின்றன.

பெரியவர்களில் நோயுறுவோர் பெரும்பாலும் நீரிழிவு உள்ளவர்கள். குழந்தைகள் அப்படியல்லர், அதுவரை நலமாக ஓடியாடியவர்களே மிகுதி. தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். நோயின் தோற்றம் ஊருக்கு ஊர் மாறுவது இன்னும் முழுமையாக விளங்காத புதிர். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி சீழ் பிடிப்பது குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது; வட ஆஸ்திரேலியாவில் அது அபூர்வம், அங்கே தோல் புண்களே அதிகம். கன்னத்தோரம் வீங்கியதும் வீட்டார் பொன்னுக்கு வீங்கி (இலங்கையில் கூகைக்கட்டு) என்று எண்ணி வேப்பிலையோடு காத்திருப்பது இயல்புதான். ஆனால் பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் இருபுறமும் வரும், சீழ் கட்டாது. ஒருபுறம் மட்டும் வீங்கி, சிவந்து, வலியோடு நாளுக்கு நாள் பெருத்தால் ஊசியால் சீழை எடுத்துச் சோதிக்க வேண்டும். முகநரம்பு அந்தச் சுரப்பியின் ஊடாகவே செல்வதால் சீழை வெளியேற்றக் கீறுவது அனுபவமுள்ள கைக்குரிய வேலை.

மற்றக் குழந்தைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டலாம். நுரையீரல் அழற்சி, மூட்டில் சீழ், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள் வரலாம். கிருமி ரத்தத்தில் பரவினால் ஓரிரு நாளில் உயிர் போகும் அபாயம் உண்டு. மெதுவாக இழுக்கும் வகை காசநோயைப் போலவே இருக்கும். காசநோய் மருந்தைத் தந்தும் தேறாத குழந்தையிடம் இந்நோயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறுதிப்படுத்தும் வழி கிருமியை வளர்த்துக் காண்பதே. ரத்தம், சீழ், சிறுநீர் ஆகியவற்றுடன், சளியைத் துப்பத் தெரியாத குழந்தையின் தொண்டைத் துடைப்பையும் அனுப்ப வேண்டும். ஒருமுறை எதிர்மறை முடிவு வந்தால் நிம்மதி அடைய முடியாது. இந்தச் சோதனை ஏறத்தாழ பத்தில் நான்கு நோயாளிகளைத் தவறவிடுகிறது. ஆஷ்டவுன் ஊடகம் என்ற தனி வளர்ப்பூடகத்தில் சில நாள்களில் சுருங்கிய ஊதா நிறத் திட்டுகள் தெரியும். சாதாரண ஊடகத்தில் வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்றோ மாசு என்றோ தள்ளிவிடுவதுண்டு. தானியங்கிக் கருவிகளும் இனமொத்த வேறு கிருமியின் பெயரைக் காட்டியிருக்கின்றன. ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும் கிருமி என்று அறிக்கை வந்தால், ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது நல்லது. எதிர்ப்பொருள் சோதனையை நம்ப முடியாது: நோய் மிகுந்த வடகிழக்குத் தாய்லாந்தில் நலமான சிறுவர்களில் பெரும்பாலோரிடம் எதிர்ப்பொருள் இருக்கிறது.

செப்சிஸுக்கு வழக்கமாகத் தொடங்கும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் இங்கே பயன்படா. 1989இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஆய்வு, செஃப்டாசிடைம் கொடுத்தால் கடும் நோயில் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டியது. இன்றும் அதுவோ மெரோபெனெமோ நரம்பு வழியே குறைந்தது இரண்டு வாரம் தரப்படுகிறது. எலும்பிலோ மூளையிலோ தொற்று இருந்தால் இன்னும் நீளும். முறையான மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதுண்டு. அதை மட்டும் கண்டு மருந்தை மாற்றுவது அவசரம். அடுத்த கட்டம் கோட்ரைமாக்சசோல், வாய்வழி, குறைந்தது மூன்று மாதம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளதா என்று பார்த்த பிறகே இதைத் தொடங்குவது நல்லது. ஓரிடத்தோடு நின்ற லேசான புண்ணுக்கும் சுரப்பி வீக்கத்துக்கும் சில மையங்கள் வாய்வழி மருந்தை மட்டுமே தருகின்றன. குழந்தை தேறிவிட்டதே என்று பெற்றோர் இடையில் மருந்தை நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது.

தடுப்பூசி இல்லை. நோய் உள்ள பகுதிகளில் நீரைக் காய்ச்சிக் குடிப்பதும், சேற்றில் செருப்பணிவதும், காயத்தை மூடிவைப்பதுமே காப்பு. நோயாளி வெளிநாடு போய்வந்தாரா என்று கேட்பது மட்டும் போதாது என்பதை 2021இல் அமெரிக்கா கண்டது: வெளிநாடே போகாத நால்வருக்கு நோய் வந்தது, அவர்களில் இருவர் குழந்தைகள், அக்குழந்தைகளில் ஒருவர் இறந்தார். இந்தியாவில் தயாரான ஒரு நறுமணத் தெளிப்பானில் கிருமி இருந்தது தேடலின் முடிவில் தெரியவந்தது.