நான்காம் வகுப்பு வரை

1892-ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். நம்மவர்க்கும் ஆலயப் பிரவேசம் வேண்டும் என்று அவர் கேட்டார், சபையோர் மறுத்தனர். பிறகு, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையிலாவது இலவசக் கல்வி தரவேண்டும், கிராமங்களில் வீணே கிடக்கும் தரிசு நிலங்களைக் கொடுக்கவேண்டும் என்றார், அதற்கு இசைந்தனர். கோயிற் கதவை அடைத்தவர்கள் பள்ளிக் கதவைச் சிறிது திறக்க ஒப்பினர் என்று கொள்ளலாம். பண்டிதர் ஏன் நான்காம் வகுப்போடு நிறுத்திக் கேட்டார்? கிடைக்கக் கூடியதைக் கேட்டார் என்பதே என் எண்ணம்.

இரண்டே ஆண்டுகளில், 1894-இல், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதன்பின் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என ஐந்து பள்ளிகளாயின. 1901-இல் திறந்த மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. இவற்றைப் பஞ்சமர் பள்ளிகள் என்றே வழங்கினர். நால்வருணத்திற்கும் புறம்பான ஐந்தாமவர் என்று பொருள்படும் அப்பெயரை நம் முன்னோர் விரும்பி ஏற்றவர் அல்லர். ஆதிதிராவிடர் என்னும் பெயருக்காகப் பின்னர் எம்.சி. இராஜா முதலியோர் போராடி 1922-இல் அதனைப் பெற்றனர். அந்த இராஜாவும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே.

அப்பள்ளிகளில் என்ன நடந்தது? அந்நாளில் திண்ணைப் பள்ளி என்றால் மணலில் விரல் தேய எழுதுவதும், எண்சுவடியை உரக்க ஒப்பிப்பதும், சட்டாம்பிள்ளையின் பிரம்புமே. ஆல்காட் பள்ளிகளை மேற்பார்த்த பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் குழந்தைத் தோட்டம் எனப்படும் கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தினர். பாட்டும் விளையாட்டும் கைவேலையும் வகுப்பிற்குள் வந்தன. பொருளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, அதன்பின் எழுத்தை அறிவது அம்முறை. இம்முறையை விளக்கிக் கோர்ட்ரைட் அம்மையார் 1906-இல் ஒரு நூலே எழுதினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுள்ளும் பலருக்குக் கிட்டாத முறை சேரிப் பிள்ளைகளுக்கு முதலில் கிட்டியது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது ஆல்காட்டின் நோக்கமன்று. எழுத்தும் எண்ணும் வாழ்க்கைக்கு வேண்டிய சில திறன்களும் போதும் என்பதே அவர் கருத்து. அவருடைய நன்மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கூரையைத் தாழ்வாகக் கட்டினார் என்றே சொல்கிறேன். அத்தாழ்ந்த கூரையின் கீழிருந்தே நிமிர்ந்தவர்கள் உண்டு. 1898-இல் அயோத்திதாசரோடு கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய கிருஷ்ணசாமியார் பஞ்சமர் பள்ளி ஒன்றின் ஆசிரியர். அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. 1907-இல் பண்டிதர் வார இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். நான்காம் வகுப்புப் படித்த ஒரு கூலியாளும் ஒரு பைசா கொடுத்து அதனை வாங்கி வாசிக்கலாம். எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்கலாம்.

கல்விக்கு எதிரே சாதி நின்றது போலவே பசியும் நின்றது. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தர முடிவு செய்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அதாவது ஒரு ரூபாய்க்குப் பதினாறு பிள்ளைகள் உண்டனர். இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பள்ளிகளில் பிள்ளைகளின் தொகையும் ஏறியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று அரசு தடுக்க, 1925-இல் அது நின்றது. சோறு வேறு, கல்வி வேறு என்று எண்ணிய அதிகாரிகள் வெறும் வயிற்றோடு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

கிராமத்தின் கதை வேறு. அங்கே பள்ளி பெரும்பாலும் அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ இருந்தது. சேரிப் பிள்ளை அங்கு காலடி வைக்க முடியாது. அவ்விடங்களிலிருந்து பள்ளிகளை மாற்ற வேண்டுமென 1919-இல் அரசு ஆணையிட்டும் பல ஊர்களில் ஆணை காகிதத்தோடு நின்றது. எனவே தொழிலாளர் துறை 1920-களில் சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று பெரியவர்கள் சொல்வது அதனையே. ஒரே கூரை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. கரியும் கோவையிலைச் சாறும் பூசிய பலகை. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வகுப்பில் பாதி இராது. பெண் பிள்ளை வந்தால் இடுப்பில் தம்பியும் வருவான். அவனையும் உட்கார்த்தித்தான் பாடம். ஆசிரியர் காலையில் குடிசை குடிசையாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி வருவார். மாலையில் அதே கூரையின் கீழ் மனு எழுதுவார், பட்டாளத்திலிருந்தும் மலைத்தோட்டத்திலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவார். இரவில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்கள் கையெழுத்துப் போடப் பழகுவர். ஊர்க் கூட்டமும் அங்கேதான். நமக்கு வேறு மண்டபம் ஏது?

இந்த வரலாற்றை எழுதியவர் சிலரே. ஆனால் பழைய பள்ளிகளின் அலமாரிகளில் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், தொழில், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று பத்திகள் இருக்கும். கடைசிப் பத்தியில் ‘வேலைக்குச் சென்றான்’, ‘குடிபெயர்ந்தனர்’ என்ற இரு தொடர்களே பக்கம் பக்கமாக வரும். சில ஏடுகளைக் கரையான் அரித்துவிட்டது. நம் சங்கத்து இளைஞர்கள் தத்தம் ஊர்த் தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி பெற்று, இவ்விழா ஆண்டு முடிவதற்குள் அப்பத்திகளைப் படியெடுத்துச் சங்க நூலகத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பத்தியை விட்டுவிடாமல் எழுதுக.